பெட்டிப் பேப்பர்

பல்கீஸ் கறிக்கத்தியை எடுத்து நீர்மூழ்கிக் கப்பலின் வயிற்றைக் கிழித்தாள்.

பன்னிரண்டு அடிக் கப்பல். மூங்கில் பட்டையில் கூடு கட்டி, பழைய பேப்பரை அடுக்கடுக்காக ஒட்டி, அவள் புருஷன் அமீர் ஹம்சா ஒன்றரை மாதமாகச் செய்தது. ஏறிப் போக ஆளில்லையே தவிர, மற்ற எல்லாம் அதில் இருந்தது. மகள் அஜீஸாவின் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குச் சனிக்கிழமை அதை வண்டியில் ஏற்ற வேண்டும்.

"கிழிக்காத புள்ள. சின்னது பள்ளிக்கூடம் விட்டு வந்தா அழுது தீத்துரும்" என்றான் அமீர் ஹம்சா.

"அழுகட்டும். ஒங்க பர்மிட்டைவிட இந்தக் காகிதக் கப்பலா பெருசு?"

அவனுக்குப் பினாங்கில் ஜவுளிக்கடை வேலை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மூன்று மாத லீவு. திரும்பி உள்ளே விட அந்த நாட்டுப் பர்மிட் வேண்டும். இன்று சாயங்கால ரயிலைப் பிடித்தால்தான் நாகப்பட்டினத்தில் கப்பல். அதை விட்டால், அடுத்த கப்பல் வருவதற்குள் பர்மிட் காலாவதி. அப்புறம் பினாங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

பர்மிட் இருந்தது டிரங்குப் பெட்டியில், அடியில் விரித்த பேப்பருக்குக் கீழே. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு என்று அந்த வீட்டில் முக்கியமானதெல்லாம் அங்கேதான் இருக்கும். காலையில் பெட்டியைத் திறந்தால் மற்றதெல்லாம் பத்திரமாக இருந்தது, பர்மிட்டை மட்டும் காணோம்.

விரித்திருந்த பேப்பரும் இல்லை. அதை எடுத்தவள் பல்கீஸ்தான். போன வாரம் கப்பலுக்குப் பேப்பர் போதாமல் போனபோது, "இந்தாங்க, இதையும் ஒட்டுங்க" என்று பெட்டிப் பேப்பரை உருவிக் கொடுத்திருந்தாள். அதோடு பர்மிட்டும் போயிருக்கும் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பாவி, ஒரு தடவை ஒதறிப் பாத்துருக்கக் கூடாதா நானு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"விடு புள்ள. கெடச்சாக் கெடைக்குது, இல்லாட்டிப் போகுது."

அவன் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இந்தப் பொறுமை அவளைக் கொன்றது.

பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை. காய்ந்த பேப்பர் தகரமாக இறுகியிருந்தது. வாளித் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து உரித்தாள். போன வருஷம் சந்திரனில் மனுஷன் இறங்கின சேதி கூழாகக் கையோடு வந்தது. பர்மிட் கிடைத்தாலும் இந்தக் கதிதானே என்று பயந்து, அந்தக் கூழையும் விரலால் பிரித்துப் பார்த்தாள்.

அந்தப் பயத்துக்கு நடுவிலும் மனசில் ஒரு மூலை, கிடைக்காமலே போகட்டுமே என்றது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவனோடு இருந்தது முழுசாக ஒரு வருஷம்கூட இல்லை. அஜீஸாவோ, அவன் வந்த புதிதில், "அம்மா, இந்த மாமா எப்ப ஊருக்குப் போவாக?" என்று கேட்டவள். கப்பலுக்கு மூன்றாவது அடுக்கு ஒட்டும்போதுதான் அவள் வாயில் 'அத்தா' வந்தது.

ஆனால் அவர்கள் தெருவில் ஆம்பளை என்றால் கப்பலேறுவான். போகமாட்டேன் என்று சொன்னவன் இதுவரை ஒருத்தனும் இல்லை; போகாதீக என்று சொன்ன பெண்டாட்டியும் இல்லை. பல்கீஸ் தன்னையே வைதுகொண்டு இன்னும் வேகமாக உரித்தாள். நகம் பிய்ந்து ரத்தம் கசிந்தது.

மணி மூன்று. வால் முடிந்தது, வயிறும் முடிந்தது. மூங்கில் கூடு விலா விலாவாகத் தெரிந்தது. இன்னும் உரிக்காதது மூக்கு மட்டும்தான்.

"அங்குட்டு என்ன இருக்கப்போகுது?" என்றான் அமீர் ஹம்சா. "பெட்டிப் பேப்பரெல்லாம் வால் பக்கத்தோட தீந்துபோச்சு. மூக்கு, நீயும் புள்ளையும் கண்டரமாணிக்கம் போயிருந்த அன்னைக்கு நான் ஒட்டுனது. அதையாச்சும் விட்டு வையி."

"எதுக்கும் பாத்துருவோம். ஒங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டு நான் எப்படிச் சோறு திங்குறது?"

கத்தியை மூக்கில் இறக்கினாள். இரண்டு அடுக்கு உரித்ததும் விரலில் மொத்தையாக என்னவோ தட்டுப்பட்டது. இழுத்தாள். மெழுகுத் தாளில் மடித்து, நூலால் நாலு சுற்றுச் சுற்றிய பொட்டலம். பிரித்தால் உள்ளே பர்மிட்! ஒரு சொட்டு ஈரம் இறங்கவில்லை. முத்திரையும் அவன் போட்டோவும் பளிச்சென்று இருந்தன.

"கெடச்சிருச்சு! கெடச்சிருச்சுங்க! அல்லா கண்ணத் தொறந்துட்டான்!" பல்கீஸ் அழுதுகொண்டே சிரித்தாள். "சட்டையை மாத்துங்க. ஓடுனா ரயிலைப் பிடிச்சுரலாம்!"

அவன் எழுந்திருக்கவில்லை. அவள் நீட்டிய பர்மிட்டை வாங்கவும் இல்லை.

மெழுகுத் தாளையும் நூலையும் அப்போதுதான் பல்கீஸ் சரியாகப் பார்த்தாள். பார்த்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தலை குனிந்தபடி அவன் பசைச் சட்டியை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினான்.

"எடுத்த எடத்துலயே ஒட்டிரு, புள்ள."