டேங்க்குக்குள் விழுந்த துணி

நாலு சக்கரமும் இழுக்கும் ஒரு கிழட்டு ஜீப்புக்குப் பெட்ரோல் டேங்க் மூடி தொலைந்துபோனது. டிரைவர் பழைய பனியனைக் கிழித்து டேங்க் வாயை அடைத்தார். ஒருநாள் அந்தத் துணி நழுவி டேங்க்குக்குள்ளேயே விழுந்தது. வழியில் பறந்திருக்கும் என்று நினைத்து, அவர் வேறு துணியை அடைத்தார்.

அன்றிலிருந்து மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தாலே பெட்ரோலோடு துணியும் இழுபட்டுக் குழாய் வாயில் ஒட்டிக்கொள்ளும். ஜீப் வெட்டி வெட்டித் திணறும்.

"அண்ணே, நான்தான் அடைக்கிறேன்!" என்று கதறியது துணி.

"போடா பைத்தியக்காரா. தூசி அண்டாம என்னைக் காத்தவன் நீ. பிளக்குதான் போயிருக்கும்" என்றது ஜீப்.

பிளக்கை மாற்றினார்கள். கார்புரேட்டரையும் மாற்றினார்கள். ஷெட்டில் நிறுத்தி எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் துணி ஒதுங்கி மிதக்கும், வண்டி சமத்தாக ஓடும். மேட்டுக்குப் போனால் பழைய கதைதான்.

கடைசியில் காயலான் கடையில் ஜீப்பை உடைத்தார்கள். அதுவரைக்கும் ஜீப் துணியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் துணிக்குத் தாங்கவில்லை.

கடைக்காரர் துணியை எடுத்துப் பிழிந்து உதறினார். "நல்லாத்தானே இருக்கு" என்று, வாசலில் மூடியில்லாமல் நின்ற வேனின் டேங்க் வாயில் திணித்தார்.

"வாப்பா, மழைத்தண்ணி உள்ள போயிடுமோன்னு பயந்துக்கிட்டிருந்தேன்" என்றது வேன்.