நக்கல்

அறிவியலில் நாக்குக்கு இடமில்லை என்று அவன் அறிவித்தான்.

தொல்லியல் துறை ஆய்வகத்தில் அப்போது அவனைத் தவிர இருந்தது ஒரே ஒருத்தி. ஆனாலும் உலகத்துக்கே சொல்லும் குரலில் சொன்னான்.

அந்த ஒருத்தி ஜெனோவா. அவனோடு ஒரே நாளில் ஆய்வில் சேர்ந்தவள். நாக்கில் ஒரு மண்துண்டு ஒட்டியிருந்ததால் அவளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

துண்டை விரலால் பிரித்தாள்.

ஒட்டினால் அச்சு. வெண்கலத்தை ஊற்றிய களிமண் அச்சு. லேசாகச் சுட்ட மண், எச்சிலை இழுக்கும்.

ஒட்டாவிட்டால் மூசை. வெண்கலத்தை உருக்கிய கிண்ணம். உலையிலேயே கிடந்து கண்ணாடியாய் இறுகியது.

துண்டின் முதுகில் கறுப்பு மையால் ‘அ’ என்று எழுதினாள். அழியாதிருக்க மேலே நிறமில்லாத நகப்பூச்சு ஒரு தடவல். பன்னிரண்டாவது துண்டு அது. மூசைக்கு ‘மூ’, அச்சுக்கு ‘அ’. முடிந்தது.

“மூவாயிரம் வருஷத்து உலையை எச்சில் பண்ணி வச்சிருக்க. மெஷின்ல வச்சா, அந்தக் காலத்துலயே ஜெனோவான்னு ஒருத்தி இருந்தான்னுதான் ரிசல்ட் வரும்.”

“வரட்டும்ல. எங்கம்மைக்கு ஒரு ஜெராக்ஸ் குடு.”

“நாய்கூட மோந்து பாத்துட்டுத்தான் நக்கும்.”

“நீ பண்ணுததுக்குப் பேருதாம்ல நக்கல். நான் பண்ணுதது சோதனை.”

டீ குடிக்கப் போய்விட்டாள்.

அவன் பஞ்சை எடுத்தான். எச்சிலின் சுவடே இருக்கக் கூடாது. துண்டு துண்டாக அசிட்டோனில் துடைத்தான்.

பஞ்சு கறுத்தது.

மூவாயிரம் ஆண்டு அழுக்கு என்று நினைத்தான். பெருமையாக இருந்தது.

பன்னிரண்டாவதைத் துடைக்கும்போதுதான் பார்த்தான். அழுக்கு, பாதி ‘அ’ போல இருந்தது.

அசிட்டோன். பெயரில் வேதியியல். ஃபேன்சி கடையில் நகப்பூச்சு அழிக்க விற்பது.

மூன்று மணிக்கு நெறியாளர் வருவார். எது மூசை, எது அச்சு என்ற பட்டியலைப் பார்ப்பார். சரியாக இருந்தால் அவனைக் கருத்தரங்குக்கு அனுப்புவார். அவனுடைய முதல் கருத்தரங்கு. புதுச்சட்டை தைக்கக் கொடுத்தாகிவிட்டது.

மணி இரண்டு இருபது.

கண்ணால் பார்த்தான். எல்லாம் கட்டைவிரல் நகம் அளவு. எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

என்ன உலோகம் என்று சொல்லும் எக்ஸ்ரே துப்பாக்கியை ஒவ்வொன்றின் மீதும் வைத்தான். செம்பு, வெள்ளீயம். செம்பு, வெள்ளீயம். பன்னிரண்டிலும் அதே. உருக்கியதும் அதைத்தான், ஊற்றியதும் அதைத்தான். துப்பாக்கி என்ன செய்யும்.

நூலில் ஒரு முறை இருந்தது. துண்டுகளை இருபத்துநாலு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடை பார்க்க வேண்டும்.

மணி இரண்டு இருபத்தேழு.

கதவைச் சாத்தினான்.

கையைக் கழுவினான். எதற்குக் கையைக் கழுவினான் என்று தெரியவில்லை.

முதல் துண்டு. வழுக்கியது. வலப்பக்கம் வைத்தான்.

இரண்டாவது. வழுக்கியது.

மூன்றாவது பிடித்துக்கொண்டது.

மெல்ல, விடாமல். பால்குடிக் குழந்தை விரலைப் பிடிப்பதுபோல. சாம்பல் ருசி, கொஞ்சம் உப்பு. எடுக்க மனமில்லாமல் சற்று நின்றான்.

பிறகு இடப்பக்கம் வைத்தான்.

ஏழாவது துண்டு நாக்கில் இருக்கும்போது கதவு திறந்தது.

ஜெனோவா பஞ்சைப் பார்த்தாள். அசிட்டோன் பாட்டிலைப் பார்த்தாள். எழுத்தில்லாத துண்டுகளைப் பார்த்தாள். கடைசியில்தான் அவனைப் பார்த்தாள்.

விளக்கம் சொல்ல நினைத்தான். நாக்குக்கு வேலை இருந்தது.

அவள் பையை இறக்கிவைத்து, பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“ஒட்டுதா?”

தலையாட்டினான்.

வாங்கி, துப்பட்டா ஓரத்தில் துடைத்து, ‘அ’ எழுதினாள். பூச்சைத் தடவி ஊதினாள். அடுத்ததுக்குக் கையை நீட்டினாள்.

பட்டியலில் ‘ஆய்வு முறை’ என்ற கட்டம் காலியாக இருந்தது.

“இதுல என்னல போட?”

யோசித்தான்.

“நீர் உறிஞ்சுதிறன் சோதனை. நேரடி முறை.”

சிரிக்காமல் எழுதினாள். சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு கையெழுத்தில் தெரிந்தது.

பன்னிரண்டும் முடிந்தபோது மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மூசை ஏழு. அச்சு ஐந்து. அவள் கணக்கும் அதுவேதான் என்றாள்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள். மேசையில் ஒன்று மிஞ்சியிருந்தது. மூன்றாவது துண்டு. எழுத்து காய்ந்துவிட்டது. சந்தேகம் ஏதுமில்லை.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எழுதாத பக்கமாகப் பார்த்து, நாக்கை நீட்டினான்.