அலறலுக்கு விழுந்த கைதட்டல்

பழைய பேய்ப் படங்களின் பின்னணி இசையை மேடையில் வாசிக்கும் ராக் குழு ஒன்று, அந்தப் படங்களுக்கு இசையமைத்த தேவசகாயத்தையே கச்சேரிக்கு அழைத்திருந்தது. இத்தனை வருடங்களாக அந்த இசை இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனைவி ஜெசிந்தாவை, "எனக்காக ஒரு தடவ வா ஜெசி" என்று கெஞ்சிக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார் அவர்.

கிட்டாரும் டிரம்ஸும் அரங்கை அதிரவைத்துவிட்டுச் சட்டென்று அடங்கின. பேய் வரும் இடத்தில் எழும் பெண்ணின் அலறலைப் பாடகி அடிவயிற்றிலிருந்து எடுத்தாள். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தேவசகாயத்துக்கும் பிறந்த ஒரே குழந்தை காய்ச்சலில் அவள் மடியிலேயே உயிரை விட்ட மதியம், பக்கத்து அறையில் மெட்டுக்காக ஓடிக்கொண்டிருந்த டேப் ரெக்கார்டரில் அவள் கதறலும் பதிவாகிவிட்டது. தேவசகாயம் அதை அழிக்கவில்லை. படத்தில் பேய் வரும் இடத்தில் வைத்தார். தியேட்டரில் உட்கார்ந்து கேட்டபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

விசில் பறந்தது. இன்னொரு தடவை வேண்டும் என்று கூட்டம் கத்தியது. தேவசகாயம் எழுந்து கைகூப்பினார். பாடகி மறுபடி அலற, இம்முறை கூட்டமும் சிரித்துக்கொண்டே சேர்ந்து அலறியது.

கச்சேரி முடிந்ததும் பாடகி ஓடிவந்து ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அந்தச் சத்தம் மட்டும் எனக்கு இன்னும் சரியா வரல. யாரு குரல்னு கேட்டா சார் சிரிச்சே மழுப்புறாரு. நீங்களாவது சொல்லுங்க."

தேவசகாயம் யார் முகத்தையும் பார்க்காமல் தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அது உனக்கு வரவே வேண்டாம்மா" என்றாள் ஜெசிந்தா.