ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல்

“எப்படிடி உனக்கு மட்டும் ருசியா வருது?”

பின்பக்கச் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டாள் பக்கத்து வீட்டு சிவனம்மாள்.

“நீ சொன்ன மாதிரியே ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம கத்தரிக்காய்க் குழம்பு வச்சேன். எங்க வீட்டுக்காரரு ஒரு வாய் வச்சாரு, எந்திரிச்சு நேரா பிரியாணிக் கடைக்குப் போயிட்டாரு!”

கிளாராவுக்குப் பெருமை தாங்கவில்லை. “அது கைப்பக்குவம்க்கா. எங்க வீட்டுல தட்டை வழிச்சுச் சாப்புடுறாங்க. இவரு கண்ணுல தண்ணியே வந்துருது. எனக்கே இன்னும் கொஞ்சம் கிடைக்காதான்னு இருக்கும்.”

“என்னத்த கைப்பக்குவம்? நீ ரூமுக்குள்ள பிள்ளைக்குப் பால் குடுக்கையில, உங்க மாமியா கமகமன்னு தாளிக்கிறாங்க. வாசம் எங்க அடுப்படி வரைக்கும் வருது!”

கிளாராவுக்குப் பகீரென்றது.

கணவன் ரொனால்டுக்குக் கொலஸ்ட்ரால் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. அவனுடைய அப்பா நாற்பதைத் தாண்டவில்லை. ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழவே இல்லை.

அதனால்தான் நெய், தேங்காய், அப்பளம் எல்லாம் வீட்டைவிட்டு வெளியேறின. இன்று சர்ச்சில் பூசை முடிந்து வரும்போதுகூட, கறிக்கடை ஹாமித் பாயிடம் நின்று, “கொழுப்பு, சவ்வு ஒண்ணுவிடாம சீவிருங்க பாய்” என்றாள்.

“அம்புட்டையும் சீவிட்டா எலும்பும் உன் கவலையும்தாம்மா மிஞ்சும்” என்றார் அவர்.

வீட்டில் மிச்சமிருந்தது பிள்ளையைக் குளிப்பாட்டும் நல்லெண்ணெய் ஒரு பாட்டில்தான். அதுவும் மளமளவென்று குறைந்துகொண்டு வந்தது. இந்தக் கையகலத் தலைக்கு இம்புட்டு எண்ணெயா என்று அவளே யோசித்ததுண்டு.

இப்போது விளங்கிவிட்டது. நாளைக்கு ரொனால்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டும். பெற்ற தாயே மகனுக்கு எண்ணெய் ஊற்றுகிறாள்!

மத்தியானம் வழக்கம்போல மாமியார் ஜெயமேரி குரல் கொடுத்தாள். “தாயி, நீ போயி பிள்ளையப் பாரு. நான் அவனுக்குப் பரிமாறிட்டு, உனக்கு எடுத்து வைக்கிறேன்.”

கிளாரா ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சத்தமில்லாமல் திறந்து, இடுப்பில் பிள்ளையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

அடுப்பில் வெங்காயம் சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பிள்ளையின் எண்ணெய் பாட்டில்!

“அத்தை!”

ஜெயமேரி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்து தாளம் போட்டது. பிள்ளை கெக்கெக்கென்று சிரித்தது.

“உங்க மகன் நல்லா இருக்கணும்னு ஆசையே இல்லையா உங்களுக்கு?”

பதிலுக்குக் காத்திராமல் கூடத்துக்கு ஓடினாள். ரொனால்டு முன்னால் இருந்த தட்டை வெடுக்கென்று இழுத்து, குழம்புச் சோற்றில் ஒரு வாய் அள்ளிப் போட்டாள்.

மென்றாள். மறுபடி மென்றாள்.

விழுங்க முடியவில்லை. வெந்நீரில் அட்டையை ஊறவைத்த மாதிரி இருந்தது.

“இதையா... தினம் சாப்புடுறீங்க?”

“ஆமா.”

“ஆஹா ஓஹோன்னு சொன்னீங்களே!”

“நல்லா இல்லேன்னா நீ பயந்துபோயி அழுவ. அழுதா பிள்ளையும் சேந்து அழும்” என்றான் ரொனால்டு. கண்ணில் வழக்கம்போல் தண்ணீர்.

அவன் பக்கத்தில் இன்னொரு தட்டு. ஜெயமேரியுடையது. அதிலும் அதே வெளிறிய குழம்பு.

“அப்ப நான் தெருவுக்கே சொல்லிக் குடுத்த ருசி?”

தாளித்த குழம்பைச் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து கிளாராவின் கையில் வைத்தாள் ஜெயமேரி.

“பால் குடுக்குற பிள்ள நீ. அது எங்க ரெண்டு பேரு பங்கு எண்ணெய், தாயி!”