கல்மாவுக் கோலம்

மழை தொடங்குமுன் புற்றை நிரப்பியாக வேண்டிய எறும்புத் தங்கை ஒருத்தி (அணில் என்பாரும் உளர்; பொருந்தாது) வாசலில் கோலத்தைக் கண்டாள்.

"அக்கா, மாவு! பிள்ளைகள் பிழைத்தார்கள்!"

"வாயை மூடடி. இது கலை" என்றாள் ரசனைக்குப் பேர்போன அக்கா. ஒரு கோட்டின் அகலத்துக்கு அப்பால் எதுவும் தெரியாத அவள், கோலத்தின் முழு வடிவத்தையும் நெடுநேரம் வியந்து விளக்கினாள்.

பொறுக்கமாட்டாத தங்கை ஒரு வாய் கடித்துத் துப்பினாள். "நாசமாய்ப் போக! இது அரிசிமாவே இல்லை அக்கா, வெறும் கல்மாவு. பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது?"

அக்காவின் கண்கள் பனித்தன. "நான் சொல்லவில்லையா? எறும்புக்குக்கூடப் பயன்படாதது என்றால், இது உன்னதக் கலையேதான்!"

அன்று புற்றில் பசியோடு காத்திருந்த பிள்ளைகளுக்கு அக்கா கோலத்தைப் பற்றி விரிவுரை ஆற்றினாள். அழுதவர்களை ரசனையற்றவர்கள் என்று கடிந்துகொண்டாள்.