வெள்ளம் வரும் எல்லை

"நீங்க எங்க ஊரைக் காப்பாத்த வந்தீங்களா, கொல்ல வந்தீங்களா தங்கச்சி?"

நேபாள மலையூரான கோலாபேசியின் வார்டுத் தலைவர் தில்பகதூர் கேட்டதும் கூட்டம் கைதட்டியது.

மலை உச்சியில் பனி உருகிப் பெருத்துவரும் ஏரியைப் பற்றிக் காத்மாண்டு விஞ்ஞானிகள் எழுதியதை, ஊரார் பார்த்ததும் புரிகிற வரைபடமாக்கியவள் சுனிமா. ஏரி உடைந்தால் வெள்ளம் எதுவரை வரும் என்பதைச் சிவப்பில் தீட்டியிருந்தாள். ஆற்றங்கரைக் கடைத்தெரு முழுக்கச் சிவப்பு.

இனி லாட்ஜில் யார் தங்குவார்கள், நிலத்தை யார் வாங்குவார்கள், இந்த ஊருக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். சிவப்பை அழித்துப் பச்சை பூசச் சொன்னார் ஒரு கடைக்காரர்.

"நிறத்தை மாத்திடலாம் அண்ணா. தண்ணி நம்ம பேச்சைக் கேக்காதே" என்றாள் சுனிமா.

தில்பகதூர் எழுந்துபோய் வரைபடத்தைச் சுவரிலிருந்து கிழித்தார்.

"பாட்டன் பூட்டன் வாழ்ந்த மண்ணு இது. ஒருத்தரும் நகர மாட்டோம்."

சுனிமாவுக்கு ஆத்திரம் வந்தது. போன மாதம் முதன்முதலில் இவரிடம்தான் வரைபடத்தைக் காட்டினாள். எந்த வீடுவரை தண்ணீர் வரும் என்று துருவித் துருவிக் கேட்டவர், இன்று எதையுமே பார்க்காதவர் போலப் பேசுகிறார்.

பஸ் பிடித்துப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. மழை தொடங்கிவிட்டது. பெரியவர்கள் வீம்பு பிடிக்கட்டும், குழந்தைகளையாவது மேட்டுக்கு அனுப்பலாமே. தலைவர் தன் பிள்ளைகளை அனுப்பினால் ஊரும் அனுப்பும். அவர் மனைவியிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று, ஆற்றை ஒட்டியிருந்த அவர் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது வேறொரு பெண். இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பிடித்தபடி இரண்டு.

"தலைவர் வீட்டம்மா இல்லையா?"

"அவங்க குடும்பத்தோட மேட்டுக்குக் குடி போயிட்டாங்களே அக்கா. போன மாசமே."

"தலைவருமா?"

"அவரும்தான். கூட்டம்னா மட்டும் கீழே வருவாரு."

சுனிமா திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஆறு இரைந்துகொண்டிருந்தது.

"அப்ப நீங்க?"

"நாங்க மூட்டை தூக்கிப் பிழைக்கிறவங்க அக்கா. ஒண்ட இடமில்லாம நின்னோம். இம்மாம் பெரிய வீட்டைப் பாதி வாடகைக்கே விட்டுட்டாரு, புண்ணியவான்."