இன்று கையில் என்ன?

"என் வாட்ச்சு ஸ்ட்ராப்பு எந்த ஓட்டையில மாட்டிகீதுன்னு அவனுக்கு இன்னாடி வந்துச்சு?"

யேசுதாஸ் செல்போனைக் கட்டிலில் வீசினார். அடுப்படியில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காலங்காத்தால யாரு மேல கோவம்?"

"வேற யாரு? அந்த நொடிமுள்ளு!"

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற யேசுதாஸுக்கு வாட்ச் என்றால் உயிர். எச்.எம்.டி., சீக்கோ, சிட்டிசன் என்று பீரோவில் ஒரு தட்டு முழுக்க வாட்ச்தான். வடசென்னை வாட்ச் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ராயபுரத்தில் அவரை நேரில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 'நொடிமுள்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஓர் ஆசாமி குழுவுக்குள் நுழையும்வரை.

தினமும் காலையில் அந்த ஆசாமி கேட்பான்: 'இன்று கையில் என்ன?' ஒவ்வொருவரும் கட்டியிருக்கும் வாட்ச்சைக் கையோடு படமெடுத்துப் போட வேண்டும். எந்தக் கம்பெனி வாட்ச் எத்தனை பேர் கையில் என்று கணக்குப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வான். இந்த வாரம் டைட்டன் முதலிடம், கேஷியோ கொஞ்சத்தில் கோட்டைவிட்டது என்று. மற்றவர்களுக்கு அது திருவிழா. டைட்டன் கட்சி, கேஷியோ கட்சி என்று பிரிந்து ஒருவரை ஒருவர் ஓட்டிக்கொண்டார்கள்.

யேசுதாஸுக்குத்தான் தலைவலி. வேறு யாராவது படம் போடாவிட்டால் நொடிமுள் கண்டுகொள்ள மாட்டான். அவர் போடாவிட்டால் மட்டும், 'யேசுதாஸ் சார் இன்னும் போடவில்லை' என்று பொழுது சாயும்வரை நச்சரிப்பான்.

போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது, தொல்லை தாங்காமல் ஒரு பழைய படத்தைத் தேடிப் போட்டார். உடனே பதில் வந்தது: 'இது பழைய படம். இன்று எடுத்ததைப் போடவும்.' பல்லைக் கடித்துக்கொண்டு புதிதாக எடுத்துப் போட்டால், 'புறங்கையில் என்ன பிளாஸ்திரி?' என்று அடுத்த கேள்வி. இன்றைக்கோ, 'ஸ்ட்ராப் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறதே, ஏன் சார்?'

"சோறு எறங்கல, எளச்சிட்டேன். இத்தையெல்லாம் அவனாண்ட சொல்லிகினு இருக்கணுமா?"

"சொன்னா இன்னா கொறஞ்சிடப் போவுது? நல்லவிதமாத்தான கேக்கறாங்க."

"நல்லவிதமாவா? எவன் கையில எந்த வாட்ச்சு கீதுன்னு ஒருத்தன் எதுக்கு கணக்கெடுப்பான்? என்னிக்காவது ஒருநாள் வந்து பீரோவ ஒடைக்கத்தான்!"

அந்த எண்ணுக்குப் போன் செய்தார். மணி அடித்தது, துண்டிக்கப்பட்டது. மறுபடி அடித்தார். மறுபடி துண்டிப்பு. பிறகு ஒரு செய்தி: 'பேச இயலாது சார். எழுதவும்.'

யேசுதாஸுக்குத் தலைக்கேறியது. குழுவை நடத்தும் வரதனைப் பிடித்தார்.

"அவன க்ரூப்ப விட்டுத் தூக்கு. இல்லாங்காட்டி நான் போறேன்."

"இன்னா தாஸண்ணே, அவரு வந்தப்புறம்தான் க்ரூப்பே களை கட்டிகீது."

"அப்ப அவன் வூடு எங்கன்னு சொல்லு. நேர்லயே கேட்டுக்கறேன்."

வரதன் தயங்கினார். "பொங்கலுக்கு எல்லாருக்கும் காலண்டர் கூரியர்ல அனுப்பினேனே, அந்த அட்ரஸ் கீது. மாத்தூரு. ஆனா நீ தனியா போவாத, பேஜாராப் பூடும். நானும் வரேன்."

வெயிலில் டீக்கடை வரை போவதென்றாலே ஆயிரம் கேள்வி கேட்கும் ஃப்ளோரன்ஸ், அன்று ஒன்றும் கேட்கவில்லை. தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டினாள். சண்டைக்குப் போகிறவனுக்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று முணுமுணுத்தபடியே போட்டுக்கொண்டார்.

வரதனின் பைக் டோல்கேட் நெரிசலில் ஊர்ந்து, மணலி பக்கம் திரும்பி, லாரிகளுக்கு நடுவே புகுந்து போனது. வழியெல்லாம் யேசுதாஸ் பின்னால் உட்கார்ந்து, திட்ட வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தார். கொஞ்சம் கலீஜான வார்த்தைகளும் அதில் இருந்தன.

மாத்தூரில் அந்த வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. வரதன் கதவைத் தட்டினார்.

ஓர் இளம்பெண் திறந்தாள். வரதனைப் பார்த்தாள். அவர் தோளுக்குப் பின்னால் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"நொடிமுள்ளுன்னு க்ரூப்புல கீறாரே, அவரு இந்த வூடுதானே? கொஞ்சம் கூப்புடும்மா."

"நான்தான் அங்கிள்."

வரதன் வாயைப் பிளந்தார். "நீயா? எதுக்கும்மா தெனமும் இத்தினி பேரு கைய பாத்துகினு கீற?"

"ஒரு கைய பாக்கத்தான் அங்கிள், அத்தினி பேரையும் கேட்டேன்."

வரதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் திரும்பினார். யேசுதாஸ் மாடிப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணையே பார்த்தபடி நின்றார்.

குனிந்த தலையை நிமிர்த்தாமலே அவள் சொன்னாள்: "இனிமே என் மூஞ்சிலயே முழிக்காதன்னு தானே டாடி சொன்ன? அதான், கைய மட்டும் பாத்துகினு இருந்தேன்."